காது தெரிகிற படம்

என் மனைவி இறந்து ஏழு மாதமான பிறகு மகள் எனக்கு ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தாள். "கை சும்மா இருந்தா மனசு எங்கெங்கேயோ போகும்பா" என்றாள். என் மனம் எங்கும் போகவில்லை என்பதுதான் விஷயம். அதை அவளிடம் சொல்லவில்லை. காலையில் எழுந்தேன், சவரம் செய்துகொண்டேன், இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மரத்துப்போன காலைக் கிள்ளினால் எப்படியிருக்குமோ அப்படிக் கழிந்தன நாட்கள். கிள்ளுவது தெரியும், வலிக்காது.

மூக்குக் கண்ணாடிக் கடை மாடியில் சனிக்கிழமைதோறும் நடந்த புகைப்பட வகுப்பில் மகளே கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஒன்பது பேர் இருந்தோம். ஆசிரியைக்கு என் மகளைவிட வயது குறைவு. ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சதுக்கத்தில் வித்தை காட்டுகிறவர்களைப் படமெடுப்பதுதான் எங்களுக்குப் பாடம். பந்துகளை வீசிப் பிடிக்கும் கிழவர், வயலின் வாசிக்கும் பெண், உடம்பெல்லாம் வெள்ளிச் சாயம் பூசிக்கொண்டு சிலையாக நிற்கும் ஒருவர்.

"கேமராவைத் தூக்கறதுக்கு முன்னால அவங்க கண்ணைப் பாருங்க. அவங்க சரின்னு தலையாட்டினா எடுங்க" என்றாள் ஆசிரியை.

தெருவில் வேஷம் போட்டு நிற்பவரிடம் நான் போய் அனுமதி கேட்பதா? என் அப்பா தலைமையாசிரியர். தம்பி வழக்கறிஞர். பெரியவன், அதாவது என் மகன், ஓர் இறக்குமதி நிறுவனத்தில் மேலாளர். எங்கள் வீட்டில் யாரும் நாலு பேர் பார்க்கத் தெருவில் நின்றவர்கள் இல்லை. அதனால் நான் சதுக்கத்தின் மறுகோடியில், மருந்துக் கடை வாசலில் நின்றுகொண்டு, நீண்ட லென்ஸால் எடுத்தேன்.

முதல் மாதம் பந்துகளெல்லாம் படத்தில் வெள்ளைக் கோடுகளாக விழுந்தன. கேமராவின் ஷட்டர் வேகத்தைக் கூட்டினேன். பந்துகள் நின்றன, கிழவர் இருட்டிப்போனார். அதையும் சரி செய்தேன். பிறகு ஆசிரியை என் படங்களைத் திரையில் போட்டுப் பார்த்துவிட்டு, "சார், எல்லாரும் போலீஸ்ல பிடிச்சுட்டு வந்த மாதிரியே நிக்கறாங்களே!" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம்கூட வரவில்லை.

அவள் சொன்னதில் தவறில்லை. நாற்பது வருடம் அடையாள அட்டை வழங்கும் அலுவலகத்தில் முகம் சரிபார்த்தவன் நான். முகம் நேராக இருக்க வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும். மீசை வளரும், முடி கொட்டும், கன்னம் ஒட்டும். காது மட்டும் மாறாது. ஆகவே யார் நேராகத் திரும்பினாலும், இரண்டு காதும் தெரிந்த கணத்தில் என் விரல் தானாக அழுத்திவிடும்.

வெள்ளிச் சிலையையும் அப்படித்தான் எடுத்தேன். தலையில் உயரமான தொப்பி, ஒட்டுத் தாடி, நீட்டிய கையில் ஒரு காகிதப் பறவை. படத்தை வீட்டுக் கணினியில் பெரிதாக்கினேன். பழக்க தோஷம், முதலில் காதைப் பார்த்தேன்.

வலது காதின் மேல்மடிப்பு, யாரோ கத்தரித்துவிட்டதுபோல உள்ளே வெட்டுப்பட்டிருந்தது. என் காது அப்படி. என் அப்பாவுக்கும் அப்படி. என் தம்பிக்கு இல்லை, பெரியவனுக்கு உண்டு.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. பிறகு எழுந்துபோய்ச் சமையலறைக் குழாயை இறுக்கி மூடினேன். அது சொட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் படத்தை வகுப்புக்கு அனுப்பாமல் இருந்திருக்கலாம். ஆனால் அதை மற்ற படங்களோடு அன்று காலையே அனுப்பியாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை ஆசிரியை துள்ளிக் குதித்தாள். "சார், இதுதான் சார் படம்! இவ்வளவு நேராப் பார்க்கற சிலையை நான் பார்த்ததே இல்ல. நூலகக் கண்காட்சியில முதல் படமா வைக்கப்போறோம். அங்க நடக்கற போட்டியிலயும் சேர்க்கறோம்." கையில் ஒரு படிவத்தைத் திணித்தாள். படத்தில் இருப்பவரின் பெயர், சம்மதக் கையெழுத்து, எடுத்தவருக்கும் அவருக்கும் உள்ள உறவு. கீழே ஒரு குறிப்பு: முன்பின் தெரியாதவர்களின் படங்களே போட்டியில் சேரும்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குச் சதுக்கத்தைக் குறுக்கே கடந்துபோய் அவன் முன்னால் நின்றேன். காலடியில் ஒரு மேசை மணி இருந்தது. அதை அடித்தால் சிலை நிலை மாறும். வெள்ளி இமைகள் ஒருமுறை மூடித் திறந்தன. குனிந்து மணியை அடித்தேன். அவன் தொப்பியைக் கழற்றி, இடுப்பை வளைத்து வணங்கி, அப்படியே உறைந்தான்.

"பத்து நிமிஷம் இருங்கப்பா. இடைவேளை விடுவேன்" என்றான், உதடு அசையாமல்.

நிலையத்தின் பக்கவாட்டுப் படியில் உட்கார்ந்தோம். சாயம் கலையாமல் இருக்க உறிஞ்சுகுழல் போட்டுத் தண்ணீர் குடித்தான்.

"எப்பலேருந்து?"

"கம்பெனியை மூடி ரெண்டு வருஷமாகுது. இது ஒன்றரை வருஷமா."

"உன் பெண்டாட்டிக்குத் தெரியுமா?"

"முதுகுக்குச் சாயம் பூசிவிடறதே அவதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

இருவருக்கும் தெரிந்த பதில்.

"அம்மாவுக்குத் தெரியும்" என்றான். "ரெண்டு தடவை வந்தாங்க. மணியை விடாம அடிச்சு, என்னை நிக்கவே விடல. கூட்டமே சிரிச்சுது."

எனக்குள் எங்கோ அடிபட்டது தெரிந்தது. எந்த இடம் என்று தெரியவில்லை. படிவத்தை எடுத்து முழங்காலில் விரித்தேன்.

அவன் எட்டிப் படித்தான். "உறவு இல்லைன்னு போட்டுடுங்க. படம் சுவர்ல ஏறும். உங்க மானமும் போகாது, சித்தப்பா வாய்க்கும் அவல் கிடைக்காது."

"எழுத்துல நான் பொய் போட்டதில்ல."

"நான் மேனேஜர்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறீங்களே?"

"அது வாயால சொன்னது. உண்மைன்னு நம்பிச் சொன்னது. நாற்பது வருஷத்துல ஒரு அட்டைகூட என் கையால தப்பான ஆளுக்குப் போனதில்லடா."

பேனாவைத் திறந்து 'மகன்' என்று எழுதினேன்.

"போட்டியிலேருந்து தூக்கிடுவாங்கப்பா."

"தூக்கட்டும். கையெழுத்துப் போடு."

போட்டான். தாளின் ஓரத்தில் அவன் கட்டைவிரல் வெள்ளியாகப் பதிந்தது. தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தான். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "தண்ணி இன்னும் கொஞ்சம் குடி" என்றேன்.

ஆசிரியை படிவத்தை இரண்டு முறை படித்தாள். "என்ன சார், முன்னாடியே சொல்லக் கூடாதா? இனிமே குடும்பப் பிரிவுலதான் வைக்க முடியும். பிறந்தநாள் கேக்கு, கல்யாணம், கைக்குழந்தை... அதுக்கு நடுவுல. பரவாயில்லையா? கீழே உறவும் அச்சடிச்சு ஒட்டுவோம்."

"வையுங்க. கண் மட்டத்துல வையுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குத் தொலைபேசினேன். அவனுக்குச் சொன்னால் சொந்தபந்தம் அத்தனைக்கும் சொன்ன மாதிரி.

"ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நூலகத்துக்கு எல்லாரையும் கூட்டிட்டு வந்துடு."

"என்ன விசேஷம்ணா?"

"பெரியவன் படம் வெச்சிருக்காங்க. நான் எடுத்தது."

"அட! ஏதாவது விருது வாங்கினானா?"

"இல்ல. வேலை செஞ்சிட்டிருக்கான்."

"ஆபீஸ்லயா?"

"ரயில் நிலையத்துக்கு எதிர்ல. உடம்பெல்லாம் வெள்ளி பூசிட்டுச் சிலையா நிக்கிறான்."

எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

"அண்ணா... விளையாடறீங்களா?"

"பத்து மணிக்கு. தாமதமா வராதே" என்று சொல்லி வைத்துவிட்டேன்.