இடது பக்கம் ஒருக்களித்து

கீ... கீ... கீ... என்று கணினி கத்த ஆரம்பித்தபோது நர்ஸ் அப்போதுதான் டிபன் பாக்ஸை மூடியிருந்தாள். மணி இரண்டு நாற்பது. திரையில் ஒரு சிவப்புக் கட்டம் மின்னியது. எண் 214. சர்க்கரை 52.

"யாரு?" என்று பக்கத்து அறையிலிருந்து டாக்டர் கேட்டார்.

"நம்ம தையலக்கா, டாக்டர்."

அந்த ஆராய்ச்சி மையத்தில் நோயாளிகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். வாரம் ஒரு முறை போட்டுக்கொள்ளும் புது ஊசி ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சர்க்கரையும் இறங்க வேண்டும், உடம்பும் இளைக்க வேண்டும், சிறுநீரகமும் தப்பிக்க வேண்டும். முந்நூறு பேர் சேர்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் மேற்கையிலும் கோட்டுப் பொத்தான் அளவுக்கு ஒரு வெள்ளை வில்லை ஒட்டியிருக்கும். சென்சார். அது ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சர்க்கரையை அளந்து அவர்கள் போனுக்கு அனுப்பும், போன் அதை மையத்துக்கு அனுப்பும். சர்க்கரை ரொம்ப இறங்கினால் உடம்பு வேர்க்கும், மயக்கம் வரும், உயிரே போகலாம்; அதனால் ஐம்பத்தைந்துக்குக் கீழே போனால் அங்கேயும் கத்தும், இங்கேயும் கத்தும்.

நர்ஸ் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. அதற்குள் திரையில் 58 வந்தது. அப்புறம் 67. பிறகு 81.

"தானா ஏறிடுச்சு டாக்டர்."

"கையை அழுத்திப் படுத்திருப்பாங்க. நீங்கதான் அதுல எக்ஸ்பர்ட் ஆச்சே" என்று சிரித்துக்கொண்டே வந்தார் டாக்டர்.

அது உண்மைதான். சென்சார் இருக்கும் கையை அடியில் போட்டுப் படுத்தால் அந்த இடத்தில் அழுத்தம் விழும். சர்க்கரை குறையாமலே குறைந்ததாகக் காட்டும். புரண்டு படுத்தால் சரியாகிவிடும். பத்து அலாரத்தில் எட்டு இந்த ரகம்தான். திரையைப் பார்த்தே எது எந்த ரகம் என்று சொல்லிவிடுவாள் நர்ஸ். மையத்தில் அவளுக்கு அதனாலேயே ஒரு பெயர்.

டாக்டர் 214-ன் கோட்டைப் பெரிதாக்கினார். மூன்று வாரம் முன்பு வரை அது பல் போன சீப்பு மாதிரி ஏறி இறங்கிக் கிடந்தது. அதற்கப்புறம் பார்த்தால் சாப்பிட்ட பின்பு சின்னதாக ஒரு மேடு, உடனே சமம். பதினேழு வருஷம் சர்க்கரையோடு குடித்தனம் நடத்திய உடம்பு என்று யாரும் நம்பமாட்டார்கள்.

"என்ன அழகு பாருங்க. கூட்டத்துல இந்தக் கோட்டைத்தான் முதல்ல காட்டப் போறேன். இப்படியே இருந்தா இன்சுலினையே நிறுத்திடலாம். ஆனா ரெண்டு தடவையா எடை பார்க்க வரலியே?"

"முழங்கால் வலியாம். அவங்க வீட்டுக்காரர் சொன்னார்."

"நீங்க நேர்ல போய் எடை எடுத்துட்டு வந்துடுங்க. நல்ல சேதியையும் சொல்லிடுங்க."

நர்ஸ் எடைக்கருவியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அவளுக்கே கால் தரையில் பாவவில்லை. தையலக்கா முதல் நாள் வந்தபோது கேட்ட ஒரே கேள்வி, "இன்சுலின் நிக்குமா?" என்பதுதான். "ஒரே ஒரு நாள் எங்கேயும் குத்திக்காம தூங்கணும் தங்கச்சி. அப்புறம் எது வந்தாலும் பரவாயில்ல."

அன்றைக்கு அளவெடுக்க நாடாவைச் சுற்றியபோது தையலக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "முப்பது வருஷமா ஊர் இடுப்பையெல்லாம் அளந்தவ நான். என் இடுப்பைக் கேட்ட ஒரே ஆள் நீதான். இஞ்ச்ல சொல்லாத, மீட்டர்ல சொல்லு. சின்னதாத் தெரியும்."

பக்கத்தில் நின்ற கணவர் லிஃப்ட் மெக்கானிக். மெலிந்து, நெட்டையாக, எது சொன்னாலும் தலையாட்டிக் குறித்துக்கொள்கிற ஆள். அவரையும் அவள் விடவில்லை. "நான் ஏறினா லிஃப்ட்டே ஒரு நிமிஷம் யோசிக்கும். இந்த மனுஷன் யோசிக்காம கட்டிக்கிட்டாரு."

"லிஃப்ட்டுக்கு எடை தாங்காது. எனக்குத் தாங்கும்" என்றார் அவர், குறிப்பெடுப்பதை நிறுத்தாமல்.

முதல் வாரமே இரண்டு தடவை அலாரம் அடித்தது. இரண்டு தடவையும் அரைத்தூக்கத்தில் இருந்தவளை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். இரண்டு தடவையும் வந்து சேர்வதற்குள் எண் ஏறிவிட்டிருந்தது. தையலக்காவுக்கு இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கிற பழக்கம். சென்சாரும் இடது கையில்.

"கையை மாத்தி ஒட்டட்டுமா அக்கா?"

"வேணாம், துணி வெட்டற கை அது. இடிக்கும்."

இரண்டாம் முறை வந்தபோது நர்ஸ் அவர்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். மையம் கொடுத்த தாளில், அலாரம் அடித்தால் முதலில் விரலில் குத்தி ரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்று இருந்தது. நர்ஸ் தையலக்காவின் விரல்களைப் பார்த்தாள். பதினேழு வருஷச் சோதனைக் குத்தலும் முப்பது வருஷத் தையல் ஊசியும் சேர்ந்து நுனி எல்லாம் சல்லடை. அவளுக்கு மனசு வரவில்லை. தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, தன் அனுபவத்தில் கண்டதைச் சொன்னாள். தையலக்கா அவள் கன்னத்தைத் தட்டி, "நீ நல்லா இருப்ப" என்றாள்.

நான்கு மாடிக் குடியிருப்பு. லிஃப்ட் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு மேலே போனது. உள்ளே பித்தளைத் தகடு பளபளத்தது. மெக்கானிக் இருக்கிற கட்டடம் என்று தெரிந்தது.

மணியை அழுத்தினாள். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. முகத்தில் தலையணை மடிப்பு. நான்கு நாள் தாடி. நர்ஸைப் பார்த்ததும் அவர் கதவைப் பாதியில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணே, போனை எடுக்கவே இல்ல? பயந்துட்டேன். அக்கா எங்க? இன்சுலினை நிறுத்தப் போறோம், தெரியுமா? டாக்டரே சொல்லிட்டார்."

அவர் வழி விட்டார்.

ஜன்னலோரம் தையல் மெஷின். அதன்மேல் பூப்போட்ட துணி போர்த்தியிருந்தது. பக்கத்தில் தைக்க வந்த துணிகள், ஒவ்வொன்றிலும் அளவுச் சீட்டு குத்தி, அடுக்கி வைத்தபடியே இருந்தன. மேலே இருந்த நீலத்துணியில் ஜன்னல் வெயில் விழுந்து ஒரு பட்டை வெளுத்திருந்தது.

"கடைக்குப் போயிருக்காங்களா? முழங்கால் வலின்னீங்களே."

"உக்காருங்க சிஸ்டர்."

"குளிக்கிறாங்களா?"

அவர் மின்விசிறியைப் போடக் கையைத் தூக்கினார். அரைக்கைச் சட்டை மேலே ஏறியது. இடது மேற்கையில் வெள்ளை வில்லை ஒட்டியிருந்தது.

நர்ஸ் அதைப் பார்த்தாள். முதலில் அவளுக்கு வந்தது கோபம்தான். விளையாட்டா இது? எத்தனை பேர் உழைப்பு? பிறகு அவள் கண் கதவுக்குப் பின்னால் போனது. ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் இருந்தது, ஆண் செருப்பு. கொடியில் சட்டைகள் மட்டும் காய்ந்தன. உள் அறைக் கட்டிலில் ஒரே ஒரு தலையணை, சுவரை ஒட்டின பக்கமாக இருந்தது.

பல் போன சீப்பு, அப்புறம் சமமான கோடு. மூன்று வாரமாக அவர்கள் கொண்டாடியது இந்த மனுஷனின் ரத்தத்தை.

"அண்ணே" என்றாள். "எப்ப?"

"மூணு வாரம் ஆச்சு. வியாழக்கிழமை." அவர் எதிரே முக்காலியில் உட்கார்ந்தார். "ஆஸ்பத்திரியில ஹார்ட் நின்னுடுச்சுன்னாங்க. இந்த உடம்புக்கு இவ்வளவு நாள் இருந்ததே பெரிசுன்னு அங்க ஒருத்தன் சொன்னான். அவ இருந்திருந்தா அவனுக்கு நல்லாக் கொடுத்திருப்பா."

"வெள்ளிக்கிழமை நான் போன் பண்ணினேனே. சென்சார் கழண்டு விழுந்துடுச்சுன்னு சொன்னீங்களே."

"காலையில எல்லாம் முடிச்சுட்டு வந்து உக்காந்திருந்தேன் சிஸ்டர். போன் அடிச்சுது. அவ போன். 'அக்கா எப்படி இருக்காங்க'ன்னு கேட்டீங்க. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். 'நல்லா இருக்கா'ன்னு வந்துடுச்சு." அவர் உள்ளங்கையால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "சொன்னதும் எப்படி இருந்துது தெரியுமா? நிஜமாவே உள்ள படுத்துத் தூங்கற மாதிரி இருந்துது. பெட்டியில சென்சார் நிறைய மிச்சம் இருந்துது. ஒண்ணு எடுத்து ஒட்டிக்கிட்டேன். நம்பர் வராம போனா நீங்க போன் பண்றதை நிறுத்திடுவீங்க இல்ல?"

நர்ஸ் எடைக்கருவிப் பையை மெல்லத் தரையில் வைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கரெக்டா பண்ணுவீங்க. சாப்பிட்டாங்களா, தூங்கினாங்களா, குமட்டல் இருக்கான்னு கேப்பீங்க. வேற யாரும் அவளைப் பத்தி அப்படி நிகழ்காலத்துல கேக்கறதில்ல. பார்க்கறவன் எல்லாம் 'மனசைத் தேத்திக்கப்பா'ங்கறான். உங்களுக்கு மட்டும்தான் அவ இன்னும் இருந்தா. வாரத்துல அஞ்சு நிமிஷம்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "உங்க ஆராய்ச்சியைக் கெடுத்துட்டேன். தெரியும். போலீஸ்ல சொல்லணும்னா சொல்லுங்க."

"அதை விடுங்க அண்ணே." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்கு அலாரம் அடிச்சுதே."

"அவ படுக்கற பக்கம் படுத்திருந்தேன். அவ படுக்கற மாதிரியே. அடிச்சுது. அடிக்கட்டும்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்."

வியாழக்கிழமை. நர்ஸின் மனசு அந்த வார்த்தையிலேயே நின்றது. வியாழக்கிழமை மத்தியானம். அன்றைக்கும் மேசைமேல் கணினி கத்தியது. 214 தான். நேரத்தைப் பார்த்தாள், தையலக்கா குட்டித்தூக்கம் போடுகிற நேரம். சிரித்துக்கொண்டே சத்தத்தை நிறுத்தினாள். கோடு நாற்பது நிமிஷம் கீழேயே கிடந்துவிட்டுச் சட்டென்று அறுந்தது. "கை அழுத்தம். பின்னர் சென்சார் கழன்றது" என்று தன் கையெழுத்திலேயே பதிவேட்டில் எழுதினாள்.

கேட்காமல் எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. இவர் ஒருபோதும் தானாகச் சேர்த்துப் பார்க்கப் போவதில்லை. ஆஸ்பத்திரியில் ஹார்ட் என்று சொல்லிவிட்டார்கள். அதோடு போகட்டும்.

ஆனாலும் கேட்டாள்.

"அன்னிக்கு அக்கா சாப்பிட்டாங்களா?"

"எங்க? புது ஊசி போட்ட மறுநாள் இல்லையா, குமட்டல். ரெண்டு வாய் வெச்சுட்டுத் தட்டைத் தள்ளிட்டா. இன்சுலின் வழக்கமான நேரத்துக்கு வழக்கம்போலப் போட்டுக்கிட்டா. 'ஒரு மணி நேரம் கண்ணை மூடறேன், நாலு மணிக்கு ஒரு பொண்ணு ரவிக்கைக்கு வருவா, எழுப்பி விடு'ன்னா. எனக்கு அன்னிக்கு அரை நாள் லீவு. இதோ, இந்த முக்காலியிலதான் உக்காந்திருந்தேன்."

"அலாரம்?"

"அடிச்சுது." அவர் நிமிர்ந்தார். மூன்று வாரத்தில் முதல் தடவையாகத் தன்னிடம் யாரோ கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்ட மாதிரி அந்த முகத்தில் ஒரு ஆறுதல் வந்தது. "முன்ன மாதிரி நான் பயப்படல சிஸ்டர். ஆட்டோ கூப்பிடல. லிஃப்ட் அலாரமும் அப்படித்தான், பாதி நேரம் யாராவது கை பட்டு அடிச்சுடுவாங்க. இடது பக்கமாத்தான் படுத்திருந்தா. நெத்தியெல்லாம் வேர்த்திருந்துது. புழுக்கம்னு விசிறியை இன்னும் கொஞ்சம் வேகமா வெச்சேன்."

நர்ஸ் முக்காலியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தன் இடது கை வில்லையை மெதுவாகத் தடவினார்.

"வேற ஒண்ணும் தப்பாப் பண்ணல சிஸ்டர். நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரியேதான். விரல்ல குத்தல. தூக்கம் கலையாம மெல்ல வலது பக்கம் திருப்பிப் படுக்க வெச்சுட்டு, தானா ஏறிடும்னு பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."