செருப்பு பிடித்த இடம்

கள்ளக்குறிச்சிச் சீமையின் வளர்ச்சி வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கப்பட வேண்டிய மகத்தான செய்தி ஒன்றைச் சகலரும் அறிய வேண்டும். கல்வராயன் மலையடிவாரத்தில் மரவள்ளி மாவு ஆலைக்கு அடிக்கல் நாட்டிய இடத்தில் வேலைக்கு வரிசை போட்ட இளைஞர்களால், அந்த இடத்தை விட்டுப் போக முடியவில்லை.

தொண்ணூற்று நாலில் நடந்தது. மேளம் ஓய்ந்து, மாலைகள் வாடுவதற்குள், ரேஷன் கடை வழக்கப்படி ஆளாளுக்குச் செருப்பைக் கழற்றிக் கல்லுக்கு முன்னால் வரிசையாக விட்டார்கள். முதல் ஜோடி சின்னதுரையுடையது. இரண்டாவது, ஐடிஐயில் ஃபிட்டர் படித்த நைனார்பாளையத்துப் பூமாலையுடையது. சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று பூமாலை சின்னசேலம் பஸ்ஸில் ஏறினான். ஓடைப் பாலம் தாண்டியதும் அவன் உட்கார்ந்திருந்த சீட்டு காலியானது. கையில் டிக்கெட்டோடு அவன் கல்லுக்கு முன்னால் தன் செருப்பில் நின்றுகொண்டிருந்தான். கண்டக்டர் மீதிச் சில்லறையை அடுத்த நடையில் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குப் பிறகு வரிசைக்காரர்களை அவர் பஸ்ஸில் ஏற்றுவதில்லை. ரேஷன் கடையில் ஆளுக்காகச் செருப்பு நிற்கும்; இங்கே செருப்புக்காக ஆள் நின்றான். வேறொருவன் அந்தச் செருப்பில் கால் நுழைத்தால்தான் விடுதலை என்பதும் சீக்கிரமே தெரிந்துபோனது.

நாலாம் வருடம், பூமாலைக்கு நிச்சயம் பண்ணியிருந்த மாமன் மகள் அம்சவள்ளி, தோளில் பையும் பின்னால் வேலையில்லாத ஊர்ப் பையன் பிச்சைமுத்துவுமாக வந்து நின்றாள்.

"கெளம்பு மாமா. திருப்பூர்ல பனியன் கம்பெனில ரெண்டு பேருக்கும் சொல்லி வச்சிக்கிறேன். உன் செருப்புல பிச்சமுத்து நிக்கிறானாம். இன்னிக்கு வரலேன்னா எங்கப்பா வேற எடம் பாத்துருவாரு."

பிச்சைமுத்து ஒரு காலை நுழைத்தான். பூமாலைக்கு உடம்பு லேசானது. ஓடைக்கு அந்தப் பக்கத்துக் காற்று முகத்தில் அடித்தது. அந்நேரம் பார்த்து ஒரு ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரி கல்லில் ஒட்டியிருந்த ஆட்டுப் புழுக்கையைத் தட்டிவிட்டு, "இன்னும் ஒரே வாரம்" என்று சொல்லி ஏறிப் போனார்.

பூமாலை பிச்சைமுத்துவின் காலைப் பிடித்து வெளியே இழுத்தான்.

"இன்னா மாமா இது?"

"ஒரு வாரந்தானாம்டி. ரெண்டாவது எடம்! இப்ப வுட்டா இந்தப் பய உள்ள பூந்துருவான்."

அம்சவள்ளி கொஞ்ச நேரம் அவன் காலையே பார்த்தாள். "நல்லா நில்லு. பொங்கலுக்கு வரப்போ உனக்கு ஒரு பனியன் எடுத்தாறேன்."

சொன்னபடி கொண்டுவந்தாள். அடுத்த பொங்கலுக்குப் புருஷனோடும், பிறகு பிள்ளைகளோடும் வந்தாள். வருடத்துக்கு வருடம் பனியன் அளவு கூடியது. பிச்சைமுத்து அவளுடைய கம்பெனியிலேயே சூப்பர்வைசர் ஆனான். அந்த ஒரு வாரம் முடியவில்லை. வரிசைக்கு மேல் தகரக் கூரை போட்டார்கள். அதற்கும் ஒரு திறப்பு விழா நடந்தது. ரேஷன் கார்டில் முகவரி மாறியது, முடிவெட்டுகிறவர் ஞாயிறுதோறும் வந்தார். மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது, வரிசை பிரியவில்லை. பூமாலைக்கு மீசை நரைத்தது.

போன ஆடியில் சின்னதுரை நின்றபடியே செத்துப்போனார். உடம்பை எடுத்தபோது செருப்பும் கூடவே வந்தது. பூமாலை ஒரு அடி முன்னால் நகர்ந்து நின்றான்.

ஆலை விஷயத்தில் இதுவரை ஏற்பட்ட முன்னேற்றம் அந்த ஒரு அடிதான்.