மரியநாயகம் ஐயாவுக்குப் பூசிய இரண்டு எண்ணெய்

எங்கள் வீட்டுக்கும் மரியநாயகம் ஐயா வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். கட்டுகஸ்தோட்டையில் இந்த வீடுகளைக் கட்டியவர் சுவரில்தான் மிச்சம் பிடித்திருக்கிறார். அங்கே செபம் சொன்னால் இங்கே ஆமென் சொல்லலாம். ஆகவே நான் ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். காது இருந்தது, கேட்டது.

ஐயாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் பவாஸ் ஓட்டும் வாடகை வானில் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவார். அடுத்தடுத்து இரண்டு தடவை தவறினால் ஆள் தப்பாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிறு, மகள் பிரியாந்தினி தன் பாஸ்டரைக் கூட்டி வந்தாள். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பம்தான். இவள் மட்டும் மூன்று வருடமாகப் பாலத்தடியில், ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் நடக்கும் சபைக்குப் போகிறாள். பாஸ்டர் யாக்கோபின் நிருபத்தைத் திறந்தார். வருத்தக்காரனுக்கு, அதாவது நோயாளிக்கு, மூப்பர்கள் எண்ணெய் பூசிச் செபித்தால் கர்த்தர் அவனை எழுப்புவார் என்கிற இடம். ஐயாவின் நெற்றியில் ஒலிவெண்ணெய். பிறகு அரை மணி நேரம் சத்தம். என் அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

"எழுப்புவார் எண்டு எழுதிக் கிடக்கு அப்பா. இனி மெஷினுக்குப் போனா அது அவிசுவாசம்," என்றாள் மகள்.

ஐயாவுக்கும் அந்த ஊசி என்றால் பயம். செவ்வாய் பவாஸ் ஹோர்ன் அடித்தபோது ஜன்னலால் எட்டிப் பார்த்து, "எனக்குச் சுகம் தம்பி, நீர் போம்," என்றார்.

அன்று பின்னேரம் அவர் மனைவி ரெஜினா டீச்சர் என் குசினிக்கு வந்து அடுப்படியில் நின்று அழுதார். வியாழன் ஃபாதரைக் கூப்பிடப் போகிறாராம். அதே வசனம், அதே எண்ணெய், கோயில் முறைப்படி.

"இப்ப அந்த அவஸ்தைப் பூசுதல் சாகிறவைக்கு மட்டுமில்ல பாலம்மா, வருத்தக்காரர் எல்லாருக்கும்தான். ஃபாதர் முதல்ல அதை விளங்கப்படுத்தி, ஆஸ்பத்திரிக்கும் போகச் சொல்லிப்போட்டுத்தான் பூசுவார். இவருக்கு முதலே சொல்லிப்போடாதையுங்கோ. பழைய ஆள், பயந்திடுவார்."

"நானா டீச்சர்? மூச்சு விட மாட்டேன்."

நாங்கள் தெல்தோட்டை மெதடிஸ்ட். எங்களுக்கு அந்த வசனத்தில் எண்ணெய் பெரிய விஷயமில்லை. வருத்தக்காரரைப் போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். புதன்கிழமை சூப் போத்தலோடு போய்ப் பார்த்தேன். டீச்சர் கடைக்குப் போயிருந்தார். ஐயா கால் வீங்கிப்போய், ஒரு வார்த்தை பேசாமல் குடித்துக்கொண்டிருந்தார். யாரும் பேசாத இடத்தில் எனக்கு இருக்க முடியாது.

"நாளைக்கு ஃபாதர் எண்ணெயோட வர்றாராமே ஐயா."

கரண்டி நின்றது. "எண்ணெயோடயோ? ஆர், ரெஜினாவோ கூப்பிட்டது?"

"ஆமாங்க. சும்மா... செபத்துக்குத்தான்."

"என்ர அப்புவுக்கு அவஸ்தை பூசின அடுத்த நாள் பெட்டி வந்தது. ம்... டொக்டர்மார் அவளிட்டச் சொல்லிப்போட்டினம் போல."

ஏதேதோ சொல்லிச் சமாளித்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். என் சுவர்தான்.

வியாழன் ஃபாதர் வந்து பொறுமையாக எல்லாம் விளக்கினார். ஐயா ஒவ்வொன்றுக்கும் "ஓம் ஃபாதர்" என்றார், பாவசங்கீர்த்தனம் செய்தார், எண்ணெய்க்குக் கையையும் நீட்டினார். "நாளைக்குப் போவார்," என்று ஃபாதர் சந்தோஷமாகப் புறப்பட்டார்.

வெள்ளி காலை வான் வந்தது. டீச்சர் கிளினிக் கொப்பியோடு நின்றார்.

"எழும்புங்கோ, பவாஸ் நிக்கிறான்."

"அவஸ்தையும் பூசியாச்சு. இனி என்னத்துக்கு?"

அன்று மகளே பயந்துபோனாள். "அப்பா, போங்கோ அப்பா. நான் சொன்னதை விடுங்கோ."

"உன்ர எண்ணெய்க்கு நான் சுகம். அம்மான்ர எண்ணெய்க்கு நான் செத்தாச்சு. ரெண்டுக்கும் வான் தேவையில்ல, பிள்ளை."

இருபது நிமிடம் நின்ற பவாஸ், உள்ளே இருந்த மற்ற நோயாளிகள் முணுமுணுக்கவும் வானை எடுத்தான். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஓடிப்போய், அதெல்லாம் என் வாய்க்கொழுப்பு ஐயா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேசாமல் இருந்ததென்றால் என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான்.

திங்கள் விடியற்காலை ஐயா போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் பிரியாந்தினி தாயிடம், "ஃபாதர் வாறது அப்பாவுக்கு முதலே தெரிஞ்சிருக்கு. ஆரம்மா சொன்னது?" என்று கேட்டாள்.

டீச்சர் என்னைப் பார்த்தார்.

"உங்கட சூப் போத்தல் குசினியில கிடக்கு பாலம்மா. கழுவி வச்சிருக்கு. கொண்டு போங்கோ."

கொண்டு வந்துவிட்டேன். இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே கேட்பதில்லை. தாயும் மகளும் மெதுவாகப் பேசப் பழகிக்கொண்டார்கள்.