கொலெத்துக்காக முணுமுணுத்தவர்கள்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை இறந்துபோன என் தங்கையால் வந்தது. இங்கே ஜெனீவா ஏரிக்கரையில் நடக்கும்போது இன்னமும் அவளிடம், "வழுக்கும், பாத்து வா" என்கிறேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. பதினாறாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மதச் சீர்திருத்தம் வந்த புதிதில் இதே ஊரில், இறந்தவர்களுக்காக ஜெபித்து வாயசைத்தாலே விசாரணைதான்.

2

வெண்பனி போர்த்திய ஜெனீவாவில் ஒரு

வேண்டாம். பனியைக் கண்டால் என் பேனா குழைகிறது.

ஒரு வியாழக்கிழமை. ரொட்டிக்காரன் அமியேயின் மனைவி ஜாக்கெமா, திருச்சபை மூப்பர்கள் முன் விசாரணைக்கு நிற்கிறாள். மகள் கொலெத் காய்ச்சலில் போய்விட்டாள். மாவு பிசையும்போதெல்லாம் ஜாக்கெமா, "ஆண்டவரே, என் பிள்ளைக்கு இளைப்பாறுதல் கொடும்" என்பாள். பக்கத்து வீட்டுக்காரி அதைக் கேட்டுப் புகார் சொல்லிவிட்டாள்.

(மூப்பர்களில் அமியேயும் ஒருவன். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அவனை எழுதப் பயமாக இருந்தது.)

3

"மனுஷ மனசு பிறவியிலேயே கோணல், ஜாக்கெமா. நாம ஜெபிச்சு யாரையும் கரையேத்த முடியாது. கிருபை மட்டுந்தான்" என்றார் விசாரணையை நடத்தும் ஆயர்.

"தெரியும் ஐயா. பிரசங்கத்துல கேட்டேன்."

"அப்புறம் ஏன் செய்யிற?"

"கோணல் மனசுன்னு நீங்கதான சொன்னீங்க."

ஒரு மூப்பர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

(ஆயரைக் கொடியவராக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவரும் பிள்ளையைப் புதைத்தவர். மனிதனால் ஆவது ஒன்றுமில்லை, பாரமெல்லாம் ஆண்டவருடையது என்பதில் அவருக்கு ஆறுதல் இருந்தது. ஜாக்கெமாவுக்கோ அந்தப் பாரம்தான் வேண்டும். மகளிடமிருந்து மிஞ்சியது அது ஒன்றே.)

"இனிமே செய்ய மாட்டேன்னு சொல்லு. ஈஸ்டர் திருவிருந்துல அப்பம் வாங்க வரலாம்."

"பொய் சொல்லிட்டு அந்த அப்பத்தைத் தின்னா மனசாட்சி விடுமா ஐயா?"

ஆயர் விசாரணையின் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"உன் வீட்டுல வேற யாராவது இப்படி ஜெபிக்கிறாங்களா?"

அமியே குனிந்துகொண்டான். விடியலில் அடுப்பு மூட்டும்போது அவனும் அதையேதான் முணுமுணுப்பான். இருவரும் கேட்காததுபோல் இருப்பார்கள். மகளைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்வது அவ்வளவுதான்.

4

"இல்லை" என்றால் பொய். அந்தப் பொய்யோடு திருவிருந்தில் அவளால் கைநீட்ட முடியாது. "ஆமாம்" என்றால் அமியேயும் குற்றவாளியாக அவள் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். பிறகு அந்த விடியலும் ஊமையாகிவிடும். அவள் வாயைத் திறந்து

இதற்கு மேல் எழுத வரவில்லை.

அமியே தானாக எழுந்து, "நானுந்தான்" என்று சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஏக்கம். எத்தனை முறை எழுதினாலும் உட்கார்ந்தே இருக்கிறான். வாசகரே, நீங்கள் சொன்னால் ஒருவேளை கேட்பான். சொல்லிப் பாருங்கள். அவள் அவனைப் பார்க்காமல் நிற்கிறாள்.