பாதித் தளம்

மலையாளக் கரையில், ஸ்ரீவராகம் கோயிலுக்குப் பின்னால் அனூப் கட்டுகிற வீட்டுக்கு அன்றைக்கு மேல்தளம் வார்ப்பு. கலவை இயந்திரம் காலையிலிருந்து வாய் மூடவில்லை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் சாரத்தில் வரிசையாக நின்று கான்கிரீட் சட்டிகளைக் கைமாற்றி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வரிசையின் உச்சியில் நின்றவள் சுடலைமாடத்தி.

பாதித் தளம் நிறைந்த நேரத்தில் காண்ட்ராக்டர் சத்தியநேசன் கீழே வந்து நின்றார்.

"கேட்டோ, இன்னைக்கு முதல் கூலி கொஞ்சம் குறையும். துபாயில அனூப்புக்குச் சம்பளம் வெட்டிட்டான். வர்ற பைசா குறைஞ்சா நான் எந்து செய்யும்?"

சாயங்காலம் சொல்லியிருந்தால் புலம்பிக்கொண்டே வாங்கிப் போயிருப்பார்கள். மனுஷனுக்கு நாக்கில் சனி. வார்ப்பைத் தொடங்கினால் ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும். நடுவில் நின்றால் பழைய கலவையும் புதுக் கலவையும் ஒட்டாது, முதல் மழைக்கே ஒழுகும்.

மாடத்தி அனுப்புகிற கூலியில்தான் ஊரில் மகள் நர்ஸிங் படிக்கிறாள். இந்த மாதம் பணம் குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். கையிலிருந்த சட்டியைப் பலகையில் வைத்தாள். வரிசை முழுக்கச் சட்டிகள் இறங்கின.

"அண்ணாச்சி, அங்க அவருக்குச் சம்பளம் கூடுனப்ப எங்களுக்குக் கூட்டிக் குடுத்தீயளா? வீட்டுக்குத்தான ஒரு மாடி கூடிச்சு!"

அனூப்பின் அம்மா சரோஜம் பதறிப்போய் மகனை வீடியோவில் கூப்பிட்டாள். மாடத்தி இறங்கி வந்து போனை வாங்கினாள். அவள் மனசில் வைத்திருந்த துபாய்த் துரை அதில் இல்லை. அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில், ராத்திரி டூட்டி முடிந்த கண்களோடு ஒருவன் குனிந்து உட்கார்ந்திருந்தான். தலைக்குப் பின்னால் கொடி நிறைய யார் யாருடைய சட்டைகளோ.

"பணியை நிறுத்தாதீங்க சேச்சி. பழைய கூலியே தரச் சொல்றேன். ரெண்டு மாசமா எனக்குச் சம்பளமே இல்ல. கடன் வாங்கியாணு அனுப்பறது."

"மோனே, என்கிட்ட சொல்லலையே!" சரோஜம் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

சத்தியநேசன் மேலே பார்த்துத் தலையாட்டினார். சட்டிகள் மறுபடி ஏறத் தொடங்கின. மாடத்திக்குக் கோபம் தணியவில்லை. ஆள் மட்டும் மாறியிருந்தது, இப்போது அனூப்பின் முதலாளி மேல்.

"நாங்க சட்டியக் கீழ வச்சோம், கூலி வந்துச்சு. நீங்களும் அங்க எல்லாருமாச் சேந்து கீழ வைங்க தம்பி!"

"மெதுவா சேச்சி, மெதுவா. இங்க அதைப் பேசினாலே பிடிச்சு ஜெயில்ல போட்டுடுவான்."

அனூப் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். அடுத்த நொடி, திரை முழுக்க அவன் போர்வைதான் தெரிந்தது.