கால் முந்தியது

மாயவன் காலால் பிறந்தவர்; தாய் வயிற்றிலிருந்து தலைக்கு முன்னால் கால் வந்தவர். கரியாலூரைச் சுற்றி அது தெரியாத ஆள் இல்லை. மூட்டை தூக்கி முதுகு பிடித்துக்கொண்டவர்கள் அவரிடம்தான் வருவார்கள். குப்புறப் படுக்கவைத்து வலது குதிகாலால் மிதிப்பார். கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டுகிறவர்கள்கூட மலையேறி வந்து மிதிபட்டுப் போனார்கள்.

ஆண்டாளின் அப்பா அரங்கநாதனும் அப்படி வந்தவர்தான். வளைந்து வந்தார், நிமிர்ந்து போனார். போகும்போது தனக்கு ஒரு பெண் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். மாயவனின் மகன் பச்சமுத்துவுக்கு ஆண்டாள் வாக்கப்பட்டது அந்த முதுகினால்.

வந்த புதிதில் அவள் மாமியார் சின்னப்பொண்ணுவிடம் கேட்டாள்.

"மாமாவ பெத்தவங்க இன்னா ஆனாங்க அத்தை?"

"அது பெத்த அன்னிக்கே செத்துப்போச்சி."

சின்னப்பொண்ணு அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. அந்த வீட்டில் காலைப் பற்றித்தான் பேசுவார்கள்.

ஒன்பதாம் மாதம் கிராம நர்ஸ் ஆனந்தமேரி வந்து ஆண்டாளின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். விலாவுக்குக் கீழே அவர் கை நின்றுவிட்டது.

"தலை மேல கீது. கள்ளக்குறிச்சிக்கு போய் ஸ்கேன் பாத்துடும்மா. தள்ளிப் போடாத."

ஆண்டாளும் பச்சமுத்துவும் போனார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"குழந்தை குந்தியிருக்கு. காலும் பிட்டமும் கீழே, தலை மேலே. இன்னும் திரும்பலாம். ஆனா நாள் நெருங்கிடுச்சு, இடம் கம்மி. நான் வெளியிலிருந்து கையால திருப்பிப் பார்க்கிறேன். வயிறு தளர ஒரு ஊசி போடுவோம். குழந்தையோட துடிப்பைப் பார்த்துக்கிட்டே தள்ளுவோம். கொஞ்சம் வலிக்கும்."

"திரும்பிடுமா டாக்டர்?" என்று ஆண்டாள் கேட்டாள்.

"பாதிப் பேருக்குத் திரும்பும். திரும்பலைன்னா ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். அப்படியே பெத்துக்கிறவங்களும் உண்டு, ஆனா அது ஆஸ்பத்திரியில, பிரசவம் பார்க்கிறவங்க அதுல பழகினவங்களா இருக்கணும். உடம்பு வந்துடும், தலை கடைசியில மாட்டும். வீட்டுல மட்டும் வேண்டாம்."

பச்சமுத்து முதன்முறையாக வாய் திறந்தான்.

"திரும்பலன்னா காலுதான் மொதல்ல வருங்களா?"

"வரலாம்."

டாக்டரம்மா அதைப் பயம் என்று நினைத்து, "பயப்படாதீங்க" என்றார். ஆண்டாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அங்கே பயம் இல்லை.

வெள்ளிக்கிழமை வெறும் வயிற்றோடு வரச்சொன்னார்கள்.

ஸ்கேன் பார்த்துத் திரும்பிய அன்று சாயங்காலம் மாயவன் சேவல் அடித்தார். எலும்பை உறிஞ்சிக்கொண்டே பேசினார்.

"எனக்கப்புறம் யாரு மிதிக்கிறதுன்னு சாமிகிட்ட கேட்டுக்கினே இருந்தேன். குடுத்துட்டான் பாரு. சம்மணம் போட்டுக்கினு குந்திக்கினு கீது."

"வெள்ளிக்கெழம திருப்பிடுவாங்க மாமா."

"யாரு? அந்த டாக்டருகாரியா? சாமி வெச்சத திருப்ப அவ யாரு?"

"தல மாட்டிக்கும்னு சொல்றாங்க."

"எனக்கு மாட்டிச்சா?"

"உங்களுக்கு மாட்டல மாமா. உங்கள பெத்தவங்க..."

"கொழம்பு ஊத்து" என்றாள் சின்னப்பொண்ணு. ஆண்டாள் ஊத்தினாள்.

வெள்ளிக்கிழமை விடியலில் குளித்துச் சேலை மாற்றி வாசலில் உட்கார்ந்தாள். வண்டியில் பெட்ரோல் இல்லை என்றான் பச்சமுத்து. வாங்கி வருவதாகப் போனான். வெயில் ஏறியது, அவன் வரவில்லை. சின்னப்பொண்ணு கேழ்வரகுக் கூழை அவள் முன்னால் வைத்தாள்.

"வெறும் வயித்துல குந்திக்கினு இருந்தா புள்ளைக்கு ஆவாது."

ஆண்டாள் கூழைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குடித்தாள்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள். மலையிலிருந்து இறங்கும் வேனை சின்னதுரை ஓட்டினான். அவள் ஏறி உட்கார்ந்ததும் அவன் கண்ணாடியில் பார்த்தான்.

"மாயவன் மருமவதானே? தனியாவா போற?"

"ஆஸ்பத்திரிக்கிண்ணா."

"அவருக்கு தெரியுமா?"

அவள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"எறங்கிக்கம்மா. ஒரு மாசமா ஸ்டீரிங் புடிக்க முடியாம கெடந்தவன் நானு. அவரு மிதிச்சாரு, எழுந்தேன். அவரு வூட்டு பொம்பளைய அவருக்கு தெரியாம ஏத்திக்கினு போனா இந்த இடுப்பு திரும்ப புடிச்சிக்கும்."

வண்டிக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "எனக்கும்தான்" என்றார். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒரு பெண் அவள் பையைக் கீழே இறக்கிக் கொடுத்தாள்.

நர்ஸ் ஆனந்தமேரி அடுத்த வாரம் வந்து சத்தம் போட்டார். மாயவன் கைகட்டி நின்றார்.

"தப்புதாங்க நர்சம்மா. இந்த வாரம் கண்டிப்பா இட்டுக்கினு போறோம்ங்க. ஒரு பலாப்பழம் எடுத்துக்கினு போங்க."

ஆனந்தமேரி பழத்தைத் தொடவில்லை. ஆண்டாளைத் தனியே கூப்பிட்டார்.

"இடுப்ப ஒசத்தி, தலைய தாழ வெச்சி கொஞ்ச நேரம் படுத்துப் பாரு. திரும்பும்னு சத்தியம் பண்ண மாட்டேன். கெடுதல் இல்ல, அவ்வளவுதான். வலி எடுத்தா உடனே நூத்தியெட்டுக்கு போன் போடு."

போன் பச்சமுத்துவின் சட்டைப்பையில் இருந்தது. வீட்டில் டவர் எடுக்காது. மேலே பாறையில் ஏறி நின்றால்தான் எடுக்கும்.

சாமைக் கொல்லைச் சரிவில் ஆண்டாள் படுத்தாள். இடுப்பு மேட்டில், தலை பள்ளத்தில். ரத்தம் முகத்துக்கு இறங்கியது. வானம் காலடியில் இருந்தது. வயிற்றில் கைவைத்து, "திரும்பு" என்றாள். உள்ளே ஒன்று உதைத்தது. கீழேதான் உதைத்தது. தினமும் படுத்தாள். தினமும் அது கீழேயே உதைத்தது.

வலி ஒரு மத்தியானம் வந்தது.

"போன் போடுங்க" என்றாள் புருஷனிடம். அவன் அப்பாவைப் பார்த்தான்.

"பாறைமேல போய் நில்லு" என்றார் மாயவன். "காலு வெளிய வரட்டும். கொரல் குடுக்கறேன், அப்ப போடு."

"இப்பவே போடுங்க" என்றாள் ஆண்டாள்.

"இப்ப போட்டா இட்டுக்கினு போய் வயித்த கிழிச்சி எடுத்துடுவாங்க. கிழிச்சி எடுத்தா அது காலால பொறந்ததா ஆவுமா? கொஞ்சம் பொறுத்துக்கம்மா. நான் பொறக்கல?"

பச்சமுத்து பாறையில் ஏறி நின்றான். திறந்த கதவு வழியே ஆண்டாளுக்கு அவன் தெரிந்தான். கையில் போன் இருந்தது. கூப்பிடுவார்கள் என்று வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வலிக்கும் அவள் அவனைப் பார்த்தாள். அவன் அசையவில்லை. பிறகு சின்னப்பொண்ணு கதவைச் சாத்திவிட்டாள்.

கால் வந்தது.

"எந்தக் காலு?" வெளியிலிருந்து மாயவன் கேட்டார்.

"வலது" என்றாள் சின்னப்பொண்ணு.

அவர் தொடையைத் தட்டிக்கொள்ளும் சத்தம் உள்ளே கேட்டது. அதற்குப் பிறகுதான் பாறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

இடுப்புவரை வந்தது. பிறகு வரவில்லை. கை ஒன்று தலைக்கு மேலே மடங்கிக்கொண்டது. சின்னப்பொண்ணு அழுதாள், அழுதுகொண்டே உள்ளே விரல் விட்டு, அகப்பட்டதைப் பிடித்து இழுத்தாள். அவளுக்குத் தெரிந்தது அதுதான். ஆண்டாள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். டாக்டரம்மா சொன்ன வார்த்தை மட்டும் அவளுக்குள் ஓடியது. தலை கடைசியில மாட்டும்.

ஆம்புலன்ஸ் வளைவுகளைச் சுற்றி வந்து சேர்ந்தபோது குழந்தை வெளியே வந்து நீலமாகக் கிடந்தது. அதில் வந்தவர்தான் அதை அழவைத்தார்.

கள்ளக்குறிச்சியில் அதே டாக்டரம்மா. குழந்தையைப் பிரித்துப் போட்டு ஒவ்வொரு உறுப்பாகத் தூக்கிவிட்டுப் பார்த்தார். வலது கையைத் தூக்கி விட்டார். அது விழுந்தது. மறுபடி தூக்கினார். விழுந்தது.

"கழுத்துகிட்ட நரம்பு இழுபட்டிருக்கு. கொஞ்சம் கொஞ்சமா வரலாம். வராமலும் போகலாம். பயிற்சி குடுக்கணும், விடாம வரணும்."

கிளம்பும்போது திரும்பி நின்றார்.

"வெள்ளிக்கிழமை உனக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

ஆண்டாள் தலையை ஆட்டினாள்.

மாயவன் வார்டுக்கு வந்து துணியை விலக்கி, கால்களை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். வலது குதிகாலைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"பொட்டப்புள்ளயா இருந்தா இன்னா? காலு காலுதான்."

"கையி, மாமா."

"அது சரியாப்பூடும்."

குழந்தைக்குக் கழுத்து நின்றது. இடது கை எட்டியதையெல்லாம் பிடித்தது. வலது கை உடம்போடு ஒட்டித் தொங்கியது. பயிற்சிக்குப் போகும் நாட்களில் சின்னதுரை கேட்காமலே வேனை நிறுத்தி ஏற்றிக்கொண்டான். கண்ணாடியில் அவளைப் பார்ப்பதில்லை.

அறுப்பு முடிந்து அரங்கநாதன் மகளைப் பார்க்க வந்தார். வளைந்து வந்தார்.

"மூட்ட தூக்கினேன், திரும்ப புடிச்சிக்கிச்சி சம்மந்தி."

"நல்ல நேரத்துலதான் வந்த" என்றார் மாயவன். "இனிமே நான் எதுக்கு? பேத்தி மிதிப்பா. மொத மிதி உனக்குத்தான்."

பாய் விரித்தார்கள். அரங்கநாதன் சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுத்தார். அக்கம்பக்கத்திலிருந்து நாலு பேர் வந்து நின்றார்கள்.

"புள்ளைய எடுத்துக்கினு வாம்மா" என்றார் மாயவன்.

ஆண்டாள் குழந்தையைத் தூக்கிவந்து அப்பாவின் பக்கத்தில் முட்டி போட்டாள். மாயவன் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. குழந்தையை மடியில் சாய்த்து, அதன் வலது கையை எடுத்து அப்பாவின் முதுகில் வைத்தாள்.

"காலும்மா" என்றார் மாயவன். "காலு."

அவள் கையை அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாப்பா, தெரியுதா?"

"இன்னாது?" என்றார் அரங்கநாதன், பாயில் முகத்தை வைத்தபடி. "ஒண்ணும் தெரியலியே. வெச்சிட்டியா?"

"வெச்சிட்டேன்."

"ஒண்ணுமே தெரியலம்மா."

"அந்தக் கையிக்கும் ஒண்ணும் தெரியாதுப்பா."

அரங்கநாதன் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். சின்ன விரல்கள் முதுகில் விரிந்து கிடந்தன. அவர் எழுந்திருக்க முயன்றார். இடுப்பு விடவில்லை. வந்தவர்களில் ஒருவர் கைகொடுக்கக் குனிந்தார்.

ஆண்டாள் குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பயிற்சி நேரம். பாயில் கிடத்தி, கையைத் தூக்கினாள். விட்டாள். மறுபடி தூக்கினாள்.