கழிக்காத எட்டு டன்

கப்பல் பட்டறையில் அவளுக்குக் கணக்குக்காரி என்றுதான் பெயர். பழுதுபார்த்த எந்தக் கப்பலானாலும், ஏற்றிய எடை, இறக்கிய எடை எல்லாம் போட்டு, ஈர்ப்பு மையம் அடியிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதென்று அவள் கையெழுத்திட்டால்தான் கயிற்றை அவிழ்ப்பார்கள். மையம் மேலே ஏறிவிட்டால், நடுக்கடலில் சாய்கிற கப்பல் நிமிராது.

இந்த முறை வந்திருந்தது அவள் கணவன் இன்ஜினியராக இருக்கும் கப்பல். மேல்தளத்தில் புது கிரேன் பொருத்த மூன்று வாரம் பிடித்தது. அத்தனை நாளும் அவன் வீட்டில் இருந்தான். ஒழுகும் குழாயைச் சரிசெய்தான். அவள் தலையணையையும் பிடுங்கிக்கொண்டு தூங்கினான். இன்று சாயங்காலம் போனால் எட்டு மாதம் கழித்துத்தான் வருவான்.

காலையில் கணக்குப் போட்டாள். ஐந்து மீட்டர் இருபத்தேழு சென்டிமீட்டர். இருபத்தைந்தைத் தாண்டக் கூடாது. மையத்தைக் கீழே இறக்க, கப்பலின் அடியில் இரும்புக் கட்டிகள் அடுக்க வேண்டும். நாலு நாளாவது ஆகும். நாலு நாள்! மேனேஜரை அழைக்கப் போனை எடுத்தாள். அதற்குள் கணவன் கூப்பிட்டான்.

"சாப்டியா?"

"இன்னும் இல்ல. எங்க இருக்கீங்க?"

"ஜன்னல் வழியா எட்டிப் பாரு."

பார்த்தாள். கரையில் கழற்றிப் போட்டிருந்த பழைய கிரேன்மேல் உட்கார்ந்து கையாட்டினான். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதன் எட்டு டன்னைக் கணக்கில் கழிக்கவே இல்லை.

"என்ன, பேச்சையே காணோம்?"

"வேலை இருக்குங்க. அப்புறம் பேசறேன்."

கழித்துப் போட்டாள். இருபத்துநாலு. எங்காவது தப்பு இருக்காதா என்று இன்னும் இரண்டு தடவை போட்டாள். இருபத்துநாலேதான்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, கிளம்பலாமா?"

"கிளம்பலாம் சார்," என்று கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் ஏணியடியில் அவனிடம் நடந்ததைச் சொன்னாள்.

"சொல்லாம விட்டிருந்தா யாருக்குத் தெரியப்போகுது?" என்று சிரித்தான்.

"எனக்குத் தெரியுமே."

அவன் சிரிப்பு அடங்கியது. "நாலு நாள்ல என்னென்ன செய்யணும்னு நினைச்சே?"

ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவன் பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். கப்பல் சங்கு ஊதியபோது அவள் இரண்டாம் நாள் மத்தியானத்துக்குத்தான் வந்திருந்தாள்.